அம்மா மெச்சிய சுவர்

மலைக்காட்டில் ஓங்கி வளர்ந்த மரம் ஒன்றின் பொந்துக்குள், பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை தன் குஞ்சு பிஞ்சுவோடு அடைந்து கிடந்தது.

இருவாச்சிகளின் வழக்கம் அது. தாய்ப்பறவை பொந்துக்குள் இருந்தபடியே சேறும் பழச்சக்கையும் குழைத்துப் பூசி வாசலை மூடிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடும். அதன் வழியே தந்தைப்பறவை பழம் ஊட்டும். சுவர் உறுதியாக இருந்தால்தான் குஞ்சு பிழைக்கும். மரத்தடியில் மரநாய் ஒன்று எந்நேரமும் நாக்கைச் சுழற்றிக்கொண்டு திரிந்தது.

பொன்னலகிக்குத் தன் சுவர்மேல் தாங்கமுடியாத பெருமை. ஒருநாள் அதில் விரிசல் விட்டது. பிஞ்சு துள்ளி வந்தது.

"அம்மா, நானும் பூசறேன்!"

"பூசு, என் தங்கமே!"

பிஞ்சு அத்திப்பழச் சக்கையை அலகு கொள்ளாமல் அள்ளியது. பாதி அம்மாவின் தலையில் கொட்டியது. மீதியை விரிசலை விட்டு ஒரு சாண் தள்ளி அப்பியது. பிறகு திரும்பி நின்று வாலால் தேய்த்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"ஆகா! அம்மாவையே மிஞ்சிட்டே!" என்றது பொன்னலகி.

உள்ளுக்குள்ளோ, 'இதுக்குப் பேர் சுவரா? குரங்கு துப்பினாக்கூட இதைவிட லட்சணமா ஒட்டும்!' என்று முகம் சுளித்தது. பிஞ்சு கண்ணயர்ந்ததும் எல்லாவற்றையும் சுரண்டி எறிந்தது. மெல்லிய பூச்சாக, மரவிளிம்போடு அழுத்தி அழுத்தித் தானே பூசி முடித்தது.

அதன்பின் தினமும் ஒரு விரிசல், தினமும் இதே கூத்துதான். பிஞ்சு விழித்தெழுந்து, "நான் பூசினது எவ்வளவு வழவழன்னு காய்ஞ்சிருக்கு பாரும்மா!" என்று குதிக்கும். பொன்னலகி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "உன்னை விட்டா வேற யாரு!" என்று சொல்லும்.

பழம் கொண்டுவரும் கணவனிடம் இடுக்கு வழியே கிசுகிசுக்கும். "ஏங்க, நம்ம கொத்தனாரம்மா இன்னிக்கு என் கண்ணுக்கே பூச்சு பூசிட்டா!"

"விளிம்புல அழுத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடேன்" என்றது தந்தைப்பறவை.

"அழுது தீர்த்துடுவா. அவளோட யாரு மல்லுக்கட்டறது? நானே செஞ்சா சட்டுனு முடியும்!"

பிஞ்சு வளர்ந்தது. பசியும் வளர்ந்தது. தந்தை ஒன்றே தேடும் இரை போதவில்லை. இனி தாய் சுவரை உடைத்து வெளியே போகவேண்டும். குஞ்சு உள்ளிருந்து தானே வாசலை மூடிக்கொள்ள வேண்டும். அதுவும் இருவாச்சிகளின் வழக்கம்தான்.

"தனியாப் பூசிக்குவியாடி?" என்று கேட்டது பொன்னலகி.

"என்னம்மா இப்படிக் கேக்கறே? தினமும் நான்தானே பூசறேன்!"

உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி நேரம். ஆனால் இத்தனை நாள் அளந்த பொய்யை எந்த வாயால் பொய் என்பது? "ஆமாமா, நீ கெட்டிக்காரி" என்று முணுமுணுத்துவிட்டு, சுவரை உடைத்துக்கொண்டு பொன்னலகி பறந்தது. பிஞ்சு தன் வழக்கப்படியே சக்கையை அள்ளி அப்பி வாசலை மூடியது.

பழத்தோடு திரும்பியபோது மரநாய் பொந்தின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தட்டு! சுவர் கொழகொழவென்று அப்படியே சரிந்தது.

"மூச்சு விட்டாலே விழுது! இந்த அழகுச் சுவரை எந்த மகராசி கட்டினா?" என்று சிரித்தபடி மரநாய் முன்னங்காலை உள்ளே விட்டது.

பொன்னலகி பழத்தை உதறிவிட்டுப் பாய்ந்தது. தந்தைப்பறவையும் பறந்து வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் மாறி மாறிக் கொத்தியதில் மரநாய் அலறிக்கொண்டு இறங்கி ஓடியது. அதன் நகங்களில் பிஞ்சுவின் வாலிறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பொந்தின் மூலையில் பிஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தது. வால் இருந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

"அம்மா, இத்தனை நாளா நான் பூசினது ஒரு தடவைகூட விழலையே! இன்னிக்கு மட்டும் ஏம்மா விழுந்தது?"

பொன்னலகி குனிந்து, சரிந்து கிடந்த சக்கையை அலகால் கிளறியது.

"சொல்லேன்" என்றது தந்தைப்பறவை. "என்கிட்ட மட்டும் அவ்வளவு பேசினியே!"

பிள்ளையின் முன்னால் மெச்சிவிட்டு அது அறியாமல் திருத்தி வைக்கிற பெற்றோர், அதன் மனம் நோகாமல் காப்பதாக நினைத்து அதன் உயிருக்கே உலை வைக்கிறார்கள்.