ஊர் சுற்றப் போன இருவாட்சிகள்

"பாவம், அந்தப் பொந்துல இருக்கிற அம்மாவுக்கு உடம்பு முடியல போல."

"ஆனா வீட்டுக்காரர் தங்கம். வேளாவேளைக்குப் பழம் கொண்டுவந்து ஊட்டுறாரு."

கிளைமேல் இரண்டு அணில்கள் பேசிக்கொண்டு போயின. பொந்துக்குள் இருந்த நறுவிலி என்ற பெண் இருவாட்சிப் பறவையின் காதில் அது விழுந்தது. நறுவிலிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கணவன் அத்தியனோடு கடல் கடந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்தது.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்துகொள்ளும். ஆண் கொண்டுவரும் சேற்றை வாங்கி, உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் அளவுக்குத்தான் சந்து இருக்கும். ஆண் அதன் வழியே பழம் ஊட்டும். குஞ்சு வளரும்வரை நான்கு மாதம் இருட்டுதான்.

நறுவிலி மூன்று பருவம் அப்படி இருந்துவிட்டது. நான்காவது பருவத்துக்கு முன்னால் அத்தியனிடம் ஒன்று கேட்டது. உள்ளே இருக்கும்போது நினைத்துப் பார்க்க ஒன்றுமே இல்லை, இந்த முறை உள்ளே போவதற்குள் நாலு இடம் பார்த்துவிட வேண்டும் என்றது. அத்தியன் மகிழ்ச்சியாகச் சம்மதித்தது. வலசை வந்த நாரைகளிடம் விசாரித்து ஒரு கடற்கரை, ஒரு நகரம், ஓர் அருவி என்று முடிவு செய்தது. மற்ற பயணிகளுக்கு முதுகில் பை இருக்கும். இருவாட்சிக்குத் தொண்டையே பை. முப்பது அத்திப்பழம் அதில் அடங்கும்.

கடற்கரையில் இறங்கியதும் அத்தியன் முதலில் தேடியது பொந்தைத்தான். ஒரு புன்னைமரத்தில் கிடைத்தது.

"புது ஊரு. நீ உள்ள இரு. எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று பறந்துபோனது.

மேலேயிருந்து பார்த்த கடல் நறுவிலிக்குப் போதவில்லை. கரையில் நின்று அலையைக் காலில் வாங்க வேண்டும் என்று ஆசை. அத்தியன் மாலையில்தான் திரும்பியது. கடல் எப்படி என்று கேட்டதற்கு, நிறையத் தண்ணீர் என்றது. மறுநாளும் அப்படியே போனது. அதற்கடுத்த நாள் கிளம்பிவிட்டன.

நகரத்தில் ஒரு மணிக்கூண்டின் விரிசல் பொந்தானது. புது மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பூட்டிவைத்துவிட்டுப் போகிறார் பார் என்று புறாக்கள் கேலி செய்தன. அத்தியன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. வெளியே வருகிறேன் என்று சொல்ல நறுவிலி ஒவ்வொரு மாலையும் நினைக்கும். தொண்டை நிறையப் பழத்தோடு மூச்சிரைக்க வந்து நிற்கும் அத்தியனைப் பார்த்ததும் பழத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

இப்போது அருவி. கடைசி இடம், கடைசி நாள். நாளைக் காலைக் காற்றோடு கிளம்பினால்தான் ஊர் போய்ச் சேர முடியும். போனதும் நான்கு மாத இருட்டு.

இந்த மரத்தின் பொந்து அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. இரைச்சல் மட்டும் கேட்டது. காலையில் அத்தியன் ஈர மண் கொண்டுவந்து வாசலில் வைத்து, சாரல் அடிக்கிறது, கொஞ்சம் பூசிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. நறுவிலியும் யோசிக்காமல் பூசிக்கொண்டிருந்தது. அணில்கள் பேசிப் போன பிறகுதான் வாசலைப் பார்த்தது. ஒரு சந்துதான் மிச்சம் இருந்தது. நறுவிலியை யாரும் உள்ளே அடைத்து வைக்கவில்லை. மண் அதன் அலகில்தான் ஒட்டியிருந்தது.

உச்சிப்பொழுதில் அத்தியன் வந்து சந்தில் ஒரு பழத்தை நீட்டியது. நறுவிலி வாங்கவில்லை.

"ஏங்க, அருவி எப்படி இருக்கு?"

"பெருசு."

"எவ்வளவு பெருசு?"

"ரொம்பப் பெருசு."

"தண்ணி ஒரே தாரையா விழுதா, பிரிஞ்சு விழுதா?"

அத்தியன் நீட்டிய பழத்தைத் திரும்ப விழுங்கிக்கொண்டது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"நான் பார்க்கல, நறுவிலி. இந்தப் பக்கம் அத்திமரம் எங்க இருக்குன்னே தெரியல. தேடறதுக்கே பொழுது சரியாப் போகுது."

நகரத்திலும் அப்படித்தானா என்று நறுவிலி கேட்டது. நகரத்தில் ஊர்க்கோடியில் ஒரே ஓர் ஆலமரம், போய்வரவே ஒரு நாள் ஆகிவிட்டது என்றது அத்தியன்.

"அப்போ கடல்ல நிறையத் தண்ணின்னு சொன்னது?"

"கடல்ல வேற என்ன இருக்கப்போகுது?"

நறுவிலிக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மூன்று இடம் வந்தும் தான் பார்த்தது பொந்தை, அத்தியன் பார்த்தது பழத்தை. ஊரை யாரும் பார்க்கவில்லை.

"தள்ளி நில்லுங்க" என்று சொல்லி, அலகால் வாசலைக் கொத்தத் தொடங்கியது.

அத்தியன் பதறியது. தெரியாத இடம், கழுகு இருக்கும், நீ சாப்பிடவும் இல்லை என்று அடுக்கியது. கழுகு இருந்தால் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம், பசித்தால் சேர்ந்து தேடலாம் என்று நறுவிலி உள்ளிருந்தே பதில் சொன்னது. கொத்துவதை நிறுத்தவில்லை. மண் இன்னும் காயாததால் கட்டிகட்டியாக விழுந்தது. தோள் நுழையும் அளவுக்கு வழி வந்ததும் வெளியே வந்தது. சிறகை உதறியது. மரத்தைச் சுற்றிக்கொண்டு இரைச்சல் வந்த திசையில் பறந்தது.

ஒருவரைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு அவருக்காகவும் சேர்த்து உலகத்தைப் பார்த்துவர யாராலும் முடியாது என்று புரிந்ததும், அத்தியன் தொண்டையிலிருந்த பழங்களை எல்லாம் கீழே உதிர்த்துவிட்டு, அதன் பின்னாலேயே பறந்தது.