கேனுக்கும் கோவுக்கும் நடுவே ஒரு நாற்காலி

பாலாற்றங்கரையில் ஷூ தைக்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதில் ஒரு ஹாலில் நாற்பது பெண்கள், நாற்பது தையல் மிஷின்கள், ஒரே ஒரு டோக்கன்.

டோக்கன் என்றால் சிவப்பு நாடாவில் கோத்த தகரத் துண்டு. சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் திரும்பி வந்து கொக்கியில் போடுகிறவரை அடுத்தவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. அவன் தன் வீட்டில் இப்படி ஒரு கொக்கி அடித்து வைத்திருக்க மாட்டான். அந்த ஹாலில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். காலையில் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரைச் சாயந்தரம் அப்படியே எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றினார்கள்.

பவளத்துக்கு அந்த ஹாலில் பதினோரு வருஷம். நீர்க்கடுப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தப்பிக்க அவளுக்கு இருந்தது ஒரே வழி. தைத்து முடித்த ஷூவைச் சரிபார்க்கிற செக்கர் வேலை. அது மாடியில். பக்கத்திலேயே பாத்ரூம், டோக்கன் கிடையாது. ஆனால் செக்கருக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்றது கம்பெனி.

தெரியணுமா, தெரிஞ்சுக்கிட்டாப் போச்சு என்று பவளம் கிளம்பிவிட்டாள். ஜெராக்ஸ் கடை மாடியில் தில்ஷாத் டீச்சரிடம் சாயந்தர வகுப்பு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது வயசு, குருவுக்கு இருபத்தாறு. பவளம் எழுந்து நின்று வணக்கம் சொல்லுவாள். தில்ஷாத் பதறிப்போய், “உக்காருங்கக்கா” என்பாள். இது தினமும் நடக்கும்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வியாழக்கிழமை சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மேனேஜர் வரதன் பவளத்தைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீதானே இங்கிலீஷ் கத்துக்கிறே?”

“ஆமா சார்.”

“பாத்ரூம் போக முடியுதான்னு கேப்பாங்க. உன்னைத்தான் எழுப்பி விடுவேன். இதுல இருக்கறதை அப்படியே சொல்லு. அடுத்த மாசம் நீ செக்கர்.”

சீட்டில் ஒரே வரி. வீ கேன் ஆல்வேஸ் கோ. எங்களால் எப்போதும் போக முடியும் என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். வாய் வரவில்லை. அந்த ஆல்வேஸ் ஒரு சமயம் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றது, ஒரு சமயம் கடைசியில் போய் விழுந்தது. புதன்கிழமை சாயந்தரம் சீட்டைக் கொண்டுபோய் டீச்சரிடம் நீட்டினாள்.

“டீச்சர், இந்த ஆல்வேஸ் எங்க வரணும்?”

“கேனுக்கும் கோவுக்கும் நடுவுலக்கா.”

“இன்னாத்துக்கு நடுவுல? கேன், கோ. அது ரெண்டும் போதாதா?”

தில்ஷாத் எழுந்தாள். இரண்டு தாளை எடுத்தாள். ஒன்றில் கேன் என்று எழுதிக் கதவோரம் தரையில் வைத்தாள். இன்னொன்றில் கோ என்று எழுதி ஜன்னலோரம் வைத்தாள். இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் ஒரு ஆள் போகிற வழி.

“இங்கேருந்து அங்க நடங்க.”

பவளம் நாலே எட்டில் நடந்துவிட்டாள்.

தில்ஷாத் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வழியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப நடங்க.”

“நீங்க வழியில குந்தினு நடன்னா, நான் எப்படி நடக்கறது?”

“அது இந்த நாற்காலியில உக்காந்திருக்கவங்களைப் பொறுத்ததுக்கா. ஆல்வேஸ் உக்காந்தா எப்பவும் வழி விடும். சம்டைம்ஸ் எப்பவாவது விடும். ஹார்ட்லி விட்டும் விடாத மாதிரி இருக்கும். நெவர் விடவே விடாது. யாரு வேணா உக்காரலாம். இங்கிலீஷ் யாரையும் எழுப்பி விடாது.”

“சரி.”

“உங்க ஹால்ல யாருக்கா உக்காந்திருக்கா?”

பவளத்துக்குச் சுருக்கென்றது. அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு இன்னா டீச்சர்! கேட்டுட்டுப் போயிடுவீங்க. செக்கர் வேலை போச்சுன்னா என் உடம்புக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?”

“மாட்டேன்.”

“அப்ப இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

“எங்க வரணும்னு கேட்டது நீங்கதானேக்கா.”

பவளம் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் மேனேஜர் தன் கையாலேயே டோக்கனைக் கழற்றி சூப்பர்வைசர் மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

“இன்னிக்கு யார் வேணா எப்ப வேணா போகலாம்!” என்று அறிவித்தார். ராஜா முரசு அறைந்த மாதிரிதான்.

கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று, பத்தரை ஆயிற்று. நாற்பது பேரும் காலிக் கொக்கியைப் பார்ப்பதும் தைப்பதுமாக இருந்தார்கள். டோக்கன் இல்லாவிட்டால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்றே அவர்களுடைய உடம்புக்குப் பழகியிருந்தது.

“அட போங்கம்மா! போங்கன்னு நானே சொல்றேனே!” என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏழு மாதக் கர்ப்பிணி ரெஜினா எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே கொக்கியிடம் போனாள். கை தானாக மேலே போயிற்று, வெறும் சுவரைத் தடவிற்று. ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

 அடப்பாவிகளா, ஒரு தகரத் துண்டைக் கழற்றிவிட்டுப் போ என்றால்கூடப் போகத் தெரியாமல் பண்ணிவிட்டீர்களே என்று பவளம் நினைத்தாள். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

நரைத்த தலையோடு ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். மேனேஜர் பவளத்தைக் கைகாட்டினார். அந்த அம்மாள் பாத்ரூம் பக்கம் பேனாவை நீட்டி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள்.

“கேன் யூ கோ?”

பவளம் எழுந்து நின்றாள். 

“வீ கேன்...”

அதற்குமேல் வரவில்லை. அந்த அம்மாளுக்குப் பின்னால் மேனேஜர் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆல்வேஸ், ஆல்வேஸ், ஆல்வேஸ். பவளத்துக்கு நன்றாகத் தெரிந்தது. செக்கர் வேலையும் தெரிந்தது, மாடியறையும் தெரிந்தது. அவள் ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மிஷினை விட்டு நகர்ந்து சூப்பர்வைசர் மேஜைக்குப் போனாள். டிராயரை இழுத்தாள். டோக்கனை எடுத்துவந்து, அந்த அம்மாளின் நோட்டுப் புத்தகத்தின் மேலே வைத்தாள். சிவப்பு நாடா பக்கவாட்டில் தொங்கிற்று.

“...கோ,” என்று வாக்கியத்தை முடித்தாள்.

அந்த அம்மாள் ஒரு விரலை உயர்த்தினாள். “ஒன்?”

“ஒன். ஃபார்ட்டி லேடீஸ்,” என்றாள் பவளம். 

சாயந்தரம் வகுப்புக்கு வந்தாள். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

“உக்காருங்கக்கா.”

“உக்கார்றது இருக்கட்டும். செக்கர் வேலை இந்த ஜென்மத்துல கிடையாதுன்னுட்டாரு மேனேஜர்.”

தில்ஷாத் தலை குனிந்தாள். “பயமா இருக்கா?”

“இருக்கு, ஏன் இல்லாம? டாக்டரம்மா சொன்னது காதுலயே நிக்குது. ஆனா அவர் குடுத்த சீட்டை அவர் மேஜை மேலயே வெச்சுட்டு வந்தேன். இந்தாங்க சார், உங்க பொய் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன்.”

“டோக்கன்?”

“அந்தம்மா எடுத்துனு போயிட்டாங்க. திங்கக்கெழம புதுசு வருதாம். நாப்பது பேருக்கு ஒண்ணு இல்ல, இனிமே நாலு. எம்மாம் தாராள மனசு பாத்தீங்களா!”

பவளம் சிரித்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது. பிறகு அவளே கதவோரம் கேன் தாளையும் ஜன்னலோரம் கோ தாளையும் வைத்தாள். நாற்காலியையும் இழுத்து நடுவில் போட்டாள்.

“டீச்சர், திங்கக்கெழம டோக்கன் எடுக்காமயே நான் எழுந்திருப்பேன். ரெஜினாவையும் கூட்டினு போவேன். டோக்கன் எங்கன்னு சூப்பர்வைசர் கத்துவான். அவனுக்கு நான் இங்கிலீஷ்லயே சொல்லணும். நீங்க சொன்ன நாலு வார்த்தையில, எதை நடுவுல வெக்கறது?”

தில்ஷாத் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே, படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

“நடுவுல ஒண்ணுமே இல்லாமயும் அந்த வாக்கியம் சரிதான்க்கா. நடங்க.”