முளைக்குச்சிகள் கோணிய இடம்

“அம்மா, இந்த ஆறு சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வளைஞ்சு போகச் சொன்னேன்.”

கல்லம்மா சிரித்துவிட்டார்.

மலையில், சில்லாற்றங்கரையில் ஒரு குடிசை. அதில் தனியாக இருந்தார் கல்லம்மா. ஆற்றில் கல் உருட்டிப் போடுவதே வேலை. அதனால் அந்தப் பெயர்.

புகார் சொன்னவர் பொன்னுரங்கம். ஓய்வு பெற்ற சர்வேயர். கல்லம்மாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் சீடர் அவர்தான்.

ஒரு காலத்தில் சில்லாறு வளைந்து வளைந்து இறங்கியது. சாலை போட வந்தவர்கள் அதை வாய்க்கால் மாதிரி நேராக வெட்டினார்கள். பாறைகளை வாரிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மழை பெய்தால் தண்ணீர் எங்கும் தங்காது. ஒரே ஓட்டம். அடிவாரத்து ஊர் முழுகும். ஒதுங்க ஒரு கல் இல்லாமல் மீன் போயிற்று. மீன் தின்ன வந்த நீர்நாயும் போயிற்று.

இரண்டு வருஷமாக ஊராரைச் சேர்த்துக்கொண்டு அதைத் திருத்தினார்கள். கல் போட்டார்கள். நாணல் நட்டார்கள். ஆற்றின் பழைய தடத்தைத் தோண்டித் திறந்தார்கள். எங்கே தோண்டுவது என்று முளைக்குச்சி அடித்தவர் பொன்னுரங்கம்.

கல்லிடுக்கில் அயிரை மீன் வந்துவிட்டது. வெள்ளம்தான் அடங்கவில்லை. போன வாரம் ஒரு மழை. தண்ணீர் வளைவுக்குள் வந்தது. பாதியில் கரையை உடைத்துக்கொண்டு பழையபடி நேராக ஓடியது.

“அடிவாரத்துல எங்க அக்கா வீட்டுல இடுப்பளவு தண்ணி. ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு ராத்திரி பூரா கட்டில் மேலயே நின்னிருக்கா.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“என்னைத் திட்டுற அளவுக்கு இருக்கா.”

“அப்ப நல்லாத்தான் இருக்காங்க.”

“ஐப்பசி மழை இதைவிடப் பெருசு அம்மா. கட்டிலும் முழுகிடும். உடைஞ்ச இடத்துல ஒரு கான்கிரீட் சுவர் வைச்சிடலாம்.”

“வைச்சா?”

“தண்ணி வந்து முட்டும்.”

“முட்டிட்டு?”

பொன்னுரங்கம் யோசித்தார். “அக்கா வீட்டுக்குத்தான் போகும்.”

“வாங்க, பார்ப்போம்.”

கல்லம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டார். முளைக்குச்சிகளை ஒட்டியே நடந்தார். அரிவாள் மாதிரி அழகாக வளைந்து போன வரிசை, ஓர் இடத்தில் வெடுக்கென்று உள்ளே ஒடிந்தது. கரை உடைந்ததும் அங்கேதான்.

“இங்க ஏன் ஒடிச்சீங்க?”

“பாறை அம்மா.”

“எங்க?”

“அந்தப் பக்கம். அடியில.”

கல்லம்மா அங்கே கடப்பாரையைக் குத்தினார். முழ ஆழம் இறங்கியது. நெம்பினார். உருண்டை உருண்டையாக, ஆறு உருட்டிய கூழாங்கற்கள் வந்தன.

“பாறை மெத்துமெத்துனு இருக்கே, சர்வேயரே.”

பொன்னுரங்கம் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கல்லம்மா பத்தடி தள்ளிக் குத்தினார். கூழாங்கல். இன்னும் பத்தடி. கூழாங்கல். குடிசை வாசலில் குத்தினார். அங்கேயும் கூழாங்கல்.

“எப்பத் தெரியும்?”

“முதல் நாளே. பழைய வரைபடத்துல இருக்கு. ஆறு உங்க அடுப்படி வழியா போகுது.”

“ரெண்டு வருஷமா சொல்லலை.”

“எப்படி அம்மா சொல்றது? எந்திரிங்க, அந்த இடத்துல ஆறு வரணும்னா?” கூழாங்கல் ஒன்றைக் காலால் தள்ளினார். “முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு மந்திரி வீட்டுக்காகக்கூட நான் கோடு வளைச்சதில்லை. இங்கதான் வளைச்சேன்.”

கல்லம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

பிறகு ஒடிந்த இடத்து முளைக்குச்சியைப் பிடுங்கினார். குடிசைக்குள் போனார்.

உள்ளே டக், டக் என்று சத்தம். பொன்னுரங்கம் பதறிக்கொண்டு ஓடினார். அடுப்புக்குப் பக்கத்தில் முளைக்குச்சி நின்றது.

“சரியா இருக்கா பாருங்க. நான் குத்துமதிப்பா அடிச்சேன்.”

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குனிந்து, வாசல் வழியே வெளியே இருந்த குச்சிகளோடு சேர்த்துப் பார்த்தார்.

“கொஞ்சம் இடது பக்கம்.”

கல்லம்மா பிடுங்கி, தள்ளி அடித்தார்.

“இப்ப?”

“இப்ப சரி.” நிமிர்ந்தார். “நீங்க எங்க அம்மா போவீங்க?”

“உங்க அக்கா கட்டில்ல இடம் இருக்குமா?”

“இருக்கும். ஆனா திட்டுவா.”

“திட்டட்டும்.”

பொன்னுரங்கம் மண்வெட்டிக்காகச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“உக்காருங்க,” என்றார் கல்லம்மா. “அடுப்புல கஞ்சி இருக்கு. முதல்ல அது ஆறட்டும்.”