தாழைத்துறைக்கு வந்த குழு

ஒரு காட்டில் ராஜா கிடையாது. சிங்கம் இல்லாத காடா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், குழந்தைகளே. சிங்கம் இருந்தது. ஆனால் அதற்கும் மற்றவர்களைப் போல ஒரே ஒரு ஓட்டுதான். காட்டை ஆண்டது மன்றம். ஆலமரத்தடியில் கூடும், பேசும், சண்டை போடும், கடைசியில் ஒரு முடிவுக்கு வரும். பொதுக் களஞ்சியத்திலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தானியம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கும்.

போன மழையில் ஆறு பெருகித் தாழைத்துறை முயல்களின் வளைகளை மூழ்கடித்தது. மீன்களும் வெள்ளத்தோடு போய்விட, நீர்நாய்களும் நாரைகளும் பட்டினி கிடந்தன. மன்றம் மனம் இரங்கியது. முயல்களுக்கு மேட்டில் வீடு, ஊருக்கு ஒரு மீன்குளம் என்று சொல்லித் தானியத்தை அள்ளிக் கொடுத்தது. மேட்டு மண் சரளை மண். முயலின் நகத்துக்கு அசையாது. பெருச்சாளிகளுக்குக் கூலி கொடுத்துத் தோண்டச் சொன்னால்தான் வளை கிடைக்கும். அந்தக் கூலிக்குத்தான் தானியம்.

தானியத்தை வாங்கிக்கொண்டது ஊர்த்தலைவரான மயில். ஒரு வருடம் கழித்து, "வேலையெல்லாம் பிரமாதமாக முடிந்தது. இந்த வருடமும் அதே அளவு கொடுங்கள்" என்று மன்றத்தில் வந்து நின்றது.

"கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு குழு போய்ப் பார்த்து முடிவு சொல்லட்டும்" என்றது மன்றம்.

குழுவுக்குத் தலைவர் யானை. யாராவது மரியாதையாகப் பேசினால் போதும், அப்படியே நம்பிவிடும். இரண்டாவது உறுப்பினர் கரடி. அதற்கு வயிறுதான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். மூன்றாவது உறுப்பினர் உடும்பு. ஒரு கேள்வியைப் பிடித்தால் பதில் வரும்வரை விடாது. உடும்பு குழுவில் இருக்கிறது என்றாலே பல ஊர்த்தலைவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். உடும்புக்கும் அது தெரியும். தெரிந்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் படும்.

மூவரும் தாழைத்துறைக்குப் போன அன்று மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை எந்த நாளும் இறங்கலாம். வீடு இல்லாத முயலுக்கு மழை என்றால் என்ன என்று உடும்புக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கரையில் கிடந்த குட்டிகளை அது பார்த்திருந்தது.

ஊர் எல்லையிலேயே மயில் வரவேற்றது. யானைக்குக் கரும்பு, கரடிக்குத் தேனடை. உடும்புக்கு முட்டை.

"முட்டை வேண்டாம். வீடுகளைப் பார்க்கலாமா?" என்றது உடும்பு.

"அக்காவுக்கு எப்போதும் வேலைதான்!" என்று சிரித்துக்கொண்டே மயில் முன்னால் நடந்தது.

மேட்டில் வரிசையாக வளை வாசல்கள் இருந்தன. ஒவ்வொரு வாசலுக்கு முன்னும் ஒரு முயல் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உடும்பு தரையை மோந்து பார்த்தது.

"தலைவரே, முயல் குடியிருக்கும் வாசலில் ஒரு புழுக்கைகூட இல்லையே?"

"எங்கள் ஊர் சுத்தமான ஊர், அக்கா!" என்றது மயில். யானை பெரிதாகத் தலையாட்டிப் பாராட்டியது.

உடும்பு விடவில்லை. முதல் வாசலில் நின்ற தாய் முயலிடம் போனது.

"வீடு எப்படியம்மா இருக்கிறது?"

தாய் முயல் மயிலைப் பார்த்தது. "ரொம்ப நன்றாக இருக்கிறதுங்க."

"உள்ளே எவ்வளவு ஆழம்?"

தாய் முயல் மறுபடியும் மயிலைப் பார்த்தது. அதன் மூக்கு துடித்தது. மயில் சட்டென்று தோகையை விரித்து, "குட்டிகள் எல்லாம் தாராளமாகப் படுக்கிற ஆழம்!" என்றது. தோகையின் பளபளப்பில் கரடி தான் என்ன கேட்க வந்தோம் என்பதையே மறந்துவிட்டது.

"சரி, நானே உள்ளே போய்ப் பார்க்கிறேன்" என்றது உடும்பு.

"ஐயோ, வேண்டாம் அக்கா!" மயில் குறுக்கே வந்து நின்றது. "உள்ளே பச்சைக் குட்டிகள் தூங்குகின்றன. தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் குலத்துக்கு முயல்குட்டி என்றால் கொஞ்சம் நாக்கு ஊறுமே. பெற்றவர்கள் பயப்பட மாட்டார்களா?"

உடும்புக்குச் சுருக்கென்றது. மயில் சொன்னது பொய்யில்லை. குழுவிலேயே வளைக்குள் நுழையக்கூடிய ஒரே ஆளை, ஒரே பேச்சில் வாசலிலேயே நிறுத்திவிட்டது. கெட்டிக்காரப் பறவைதான் என்று உடும்பு மனதுக்குள் ஒப்புக்கொண்டது. ஆனால் கெட்டிக்காரர்களை இதற்கு முன்பும் அது பார்த்திருக்கிறது.

அடுத்து மீன்குளம். குளம் மேட்டுக்குக் கீழேயே இருந்தது. தெளிந்த தண்ணீரில் மீன்கள் கூட்டமாகத் திரிந்தன. குளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால். அதன் வாயில் மூங்கில் தட்டி அடைத்திருந்தது.

"எல்லாம் நாங்கள் குஞ்சிலிருந்து தீனி போட்டு வளர்த்தவை" என்றது மயில்.

"அடேயப்பா!" என்றது யானை. "வீடும் இருக்கிறது, மீனும் இருக்கிறது. சாட்சியும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது. நாம் முடிவைச் சொல்லிவிடலாமே. கரடி, நீ என்ன சொல்கிறாய்?"

"எனக்குச் சம்மதம்" என்றது கரடி, விரலை நக்கிக்கொண்டே.

இரண்டு பேர் சம்மதித்தால் முடிவு முடிவுதான். களஞ்சியம் திறக்கும், தானியம் மறுபடியும் மயிலிடம் போகும், மழை முயல்களின் தலையில் இறங்கும். உடும்பு மேட்டைப் பார்த்தது. முயல்கள் இன்னும் சொல்லி வைத்தபடி அசையாமல் நின்றன. உடும்பு குளத்தைப் பார்த்தது. பிறகு யானையின் பெரிய காலைப் பார்த்தது. அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கும் சம்மதம்தான், அண்ணா" என்றது அது. "ஒரே ஒரு வேண்டுகோள். முடிவைச் சொல்வதற்கு முன் காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி மிதியுங்கள்."

"எதற்கு?"

"மன்றத்தின் குழுத் தலைவர் வந்து போனதை ஊர் உணர வேண்டாமா?"

யானைக்கு அது பிடித்துப்போனது. முன்னங்காலைத் தூக்கி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு மிதி மிதித்தது. தொம்!

தரை அதிர்ந்தது. குளத்து மீன்கள் வெடித்துச் சிதறி, வாய்க்கால் பக்கம் பாய்ந்து, ஆற்றுக்குப் போக வழி தேடி மூங்கில் தட்டியில் முட்டி முட்டித் துள்ளின. ஒரு மீன்கூடக் கரைக்கு வரவில்லை.

மேட்டில் நின்ற முயல்கள் குதிகால் பிடரியில் பட ஓடின. பக்கத்திலேயே புது வீடு திறந்து கிடக்க, ஒரு முயல்கூட அதற்குள் நுழையவில்லை. எல்லாம் சரிவில் இறங்கி, ஆற்றோரத்து இலந்தை முள் புதருக்குள் பாய்ந்தன. முதலில் பாய்ந்தது அந்தத் தாய் முயல்தான்.

யானை தூக்கிய தும்பிக்கையை இறக்க மறந்து நின்றது.

"மயிலய்யா, குட்டிகள் இந்த வளைக்குள்தானே தூங்குகின்றன?" என்று கேட்டது உடும்பு.

"ஆ... ஆமாம்."

"அப்படியென்றால் தாய் ஏன் அங்கே ஓடுகிறாள்?"

"பயத்தில் வழி தவறிவிட்டாள்."

"ஒரு தாய் வழி தவறலாம். எல்லாத் தாய்களுமா? அதுவும் ஒரே புதருக்கா?" உடும்பு நிறுத்தவில்லை. "பக்கத்து ஊரான மூங்கில்மேட்டில் தீனி போட்டு வளர்க்கிற குளத்தில் காலடிச் சத்தம் கேட்டால் மீன்கள் தீனி வருகிறதென்று வாயைப் பிளந்துகொண்டு கரைக்கு வரும். உங்கள் மீன்கள் ஆற்றுக்கு வழி தேடுகின்றன. ஆற்றில் பிடித்து இதில் விட்டது நேற்றா, இன்று காலையா?"

மயில் தோகையை விரித்தது. பாவம், அதற்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். ஆனால் இந்த முறை யாரும் தோகையைப் பார்க்கவில்லை.

யானை மெதுவாக மேடேறிப் போய் முதல் வளைக்குள் தும்பிக்கையை விட்டது. தும்பிக்கையின் நுனி நுழைந்ததுமே சுவரில் முட்டியது. அடுத்த வளையும் அப்படித்தான். எல்லாமே வெறும் வாசல்கள். தானியத்தில் பாதியை மயில் தின்றது, மீதியை அதன் மாமன் மச்சான்கள் தின்றார்கள். பெருச்சாளிகளுக்குக் கிடைத்தது வாசல் தோண்டும் கூலி மட்டும்.

யானை இலந்தைப் புதருக்குப் போய் முழங்காலை மடித்து உட்கார்ந்தது. "வெளியே வா தாயே. இனி யார் முகத்தையும் பார்க்காமல் சொல்" என்றது.

தாய் முயல் முள்ளை விலக்கிக்கொண்டு வந்தது. காதில் ரத்தம் கசிந்தது. "வாயைத் திறந்தால் இந்தப் புதரும் இல்லை என்று சொன்னாருங்க. குட்டிகள் இங்கேதான் இருக்கின்றன. போன மழையில் மூன்று போய்விட்டன. மிச்சம் இருப்பவை இவைதான்."

கரடி கையிலிருந்த தேனடையைக் கீழே போட்டது. வாழ்நாளில் அது தேனைக் கீழே போட்டது அன்றைக்குத்தான்.

குழு அங்கேயே முடிவு சொன்னது. மயில் இனித் தலைவர் இல்லை. வீட்டுத் தானியம் நேராக முயல்களின் கைக்குப் போகும், பெருச்சாளிகளுக்கு அவையே கூலி கொடுக்கும். வாய்க்கால் தட்டியைப் பிடுங்கி ஆற்று மீன்களை ஆற்றிலே விட்டார்கள். குளத்தை நீர்நாய்களும் நாரைகளும் சேர்ந்து குஞ்சிலிருந்து வளர்க்கும்.

"சரி, திரும்பலாமா?" என்றது யானை.

"வீடு முடியட்டும். தானியத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டோமே" என்றது உடும்பு.

குழு நகரவில்லை. பெருச்சாளிகள் தோண்டின. கரடியும் யாரும் சொல்லாமலே நகத்தால் சரளையைப் பெயர்த்தது. ஒவ்வொரு வளை முடிந்ததும், முயல்கள் கூப்பிட்டு உள்ளே விட, உடும்பு கடைசிவரை போய்ப் பார்த்து வந்தது. தாய் முயல் தன் கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு புது வீட்டுக்குள் இறங்கிய அன்று மாலை மழை கொட்டத் தொடங்கியது.

முயல்கள் உள்ளே நிம்மதியாகத் தூங்கின. அந்த மழைக்குத் தாழைத்துறையில் மயில் ஆடவில்லை.

நீதி: அஞ்சி நிற்பவரின் வாய் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்யாதே, ஆபத்து வரும்போது அவர் எங்கே ஓடுகிறார் என்று பார்.