ஒரு புழுவும் மூன்று மீசையும்

மீசை வைத்திருப்பவர்கள் அதை ஒரு கையால் பொத்திக்கொண்டு இந்தக் கதையைப் படிப்பது நல்லது. பிறகு என்னைச் சொல்லக் கூடாது.

பாளையங்கோட்டையில் சங்கிலிப்பாண்டி என்று ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் இருந்தார். தெருமுனையில் அவர் திரும்புவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவர் மீசை திரும்பும். சைக்கிளில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் மணி அடிப்பார்கள். மீசைக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிரியமானது சிப்பாய் என்கிற ராஜபாளையம் நாய். அதற்கடுத்து, பழிவாங்குவது. தொப்பியில் எச்சமிட்ட காக்கையை ஆறு மாதம் தேடி, ஆயிரம் காக்கைக்கு நடுவில் அடையாளம் காட்டியவர் அவர்.

எதிர்வீட்டு ரெஜினா டீச்சரிடம் ஜமீன் என்று ஒரு கிழட்டுப் பூனை. புரட்டாசியில், சிப்பாய் குரைக்கிற குரைப்பில் விடைத்தாள் திருத்த முடியவில்லை என்று டீச்சர் கவுன்சிலரிடம் மனு கொடுத்துவிட்டார். மறுநாள் டீச்சர் பள்ளிக்கூடம் போனதும், ஜமீன் மூன்று வருஷமாகப் படுத்து வந்த கம்பளியை ஏட்டையா அவர் வாசலிலிருந்து சுருட்டி எடுத்து வந்து சிப்பாயின் கூண்டில் விரித்தார். பூனை வெறுந்தரையில் கிடக்கட்டும். அதன் மெத்தையில் என் நாய் கால் நீட்டட்டும்.

நாலு நாள் சிப்பாய் சுகமாகத் தூங்கியது. பிறகு வாலடியையும் தொடையையும் பல்லால் கவ்விக் கவ்வி எதையோ விழுங்க ஆரம்பித்தது. நாய் மினுக்கிக்கொள்கிறது என்று ஏட்டையா பூரித்துப்போனார்.

ஒரு மாதம் கழித்து அதன் வாலடியில் அரிசி மணி ஒன்று ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனார். அரிசி நெளிந்தது.

கால்நடை மருத்துவர் பூங்கோதை பார்த்ததுமே நாடாப்புழு என்றார். நாயை எடை போட்டு, அதற்குத் தக்க மாத்திரை கொடுத்தார். ஏட்டையாவுக்கு மாத்திரை போதவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் முன்னால் மீசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குக் காரணம் எவனா இருந்தாலும் அவன் மீசையை மழிக்காம விட மாட்டேன். இது என் மீசை மேல சத்தியம்."

மூன்று பேர் மாட்டினார்கள்.

முதல் ஆள் கறிக்கடை மைதீன் பாய். தினமும் சிப்பாய்க்கு ஈரல் கொடுப்பவர். பச்சை ஈரலில் புழு இருக்கும் என்றார் ஏட்டையா. ஆனால் பாய் வீட்டில் அதைக் குக்கரில் ஆறு விசில் விட்டுத்தான் கொடுப்பார்கள். ரப்பர் மாதிரி இருக்கிறது என்று ஏட்டையாவே குறை சொன்னதுண்டு.

இரண்டாவது, டீக்கடை செல்லையா. நாய்க்குத் தேங்காய் பன் போடுகிறவர். இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும் என்று பிள்ளைகளை மிரட்டாத வீடு அந்தத் தெருவில் இல்லை. அதனால் செல்லையாவே பாதி நம்பிவிட்டார்.

மூன்றாவது, ஜமீன். அதன் வாலடியிலும் அதே அரிசியை டீச்சர் பார்த்திருக்கிறார். ஆனால் சிப்பாய்க்குப் பயந்து ஜமீன் ஒரு நாளும் தெருவைத் தாண்டியதில்லை. சிப்பாயும் ஏட்டையா கையில் சங்கிலி இல்லாமல் வெளியே வந்ததில்லை. இருந்தாலும் பூனைக்கும் மீசை உண்டல்லவா, விடுவாரா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டையா வீட்டு வாசலில் நாற்காலி போட்டாயிற்று. நாவிதர் முத்தையா கத்தியைத் தீட்டினார். பஞ்சாயத்துக்கு டாக்டரும் வந்திருந்தார்.

"ஏட்டையா, அந்த ஈரல்ல பாதி நீங்கதான் மிளகு போட்டுத் தின்னீங்க. உங்களுக்கு ஏதும் நெளியுதா?" என்றார் பாய்.

தெரு சிரித்தது. ஏட்டையா சிரிக்கவில்லை. பூனையைப் பிடிக்கச் சொன்னார். டீச்சர் ஜமீனை மார்போடு அணைத்துக்கொண்டு, மீசை போனால் இந்தக் கிழவன் சந்துபொந்து தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்பான், முதலில் என் கையை வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புழு இனிப்புல வராது. பூனைகிட்டேர்ந்து நாய்க்கு நேராவும் தாவாது. நடுவுல ஒரு பூச்சி அதைச் சுமந்து வரணும். அந்தப் பூச்சியை நாய் விழுங்கணும்."

முத்தையா கத்தியைத் துடைத்தபடி கேட்டார்: "அப்ப யார் வந்து உக்காருறது?"

நானும் உங்களைத்தான் கேட்கிறேன். மீசை மேல் செய்த சத்தியம் பொய்க்கக் கூடாது. எந்த மீசை போக வேண்டும்?

விடை: மூன்றில் எதுவும் இல்லை, நாலாவது மீசை. ஜமீனின் வாலடி அரிசி, அதாவது முட்டை நிறைந்த புழுத் துண்டுகள், கம்பளியில் உதிர்ந்தன. அவற்றின் முட்டைகளை அங்கே வளர்ந்த தெள்ளுப்பூச்சிக் குஞ்சுகள் தின்றன. வளர்ந்த பூச்சிகள் சிப்பாய் மேல் ஏறின. அரிப்புத் தாங்காமல் கடித்த சிப்பாய் அவற்றை விழுங்கியது. கம்பளியைத் தெருத் தாண்டிச் சுமந்து வந்தவர் ஏட்டையா. நாற்காலியில் அவரே போய் உட்கார்ந்தார். அப்போது ரெஜினா டீச்சர் இன்னொரு மனு கொடுத்தார்: இன்றைக்கு ஒரு பக்கம் மட்டும் போதும், கம்பளி சுத்தமாகத் திரும்பி வந்த பிறகு மறுபக்கம். டாக்டர் ஜமீனுக்கும் மாத்திரை கொடுத்தார். தெள்ளுக்குப் பூனைக்கென்று தனி மருந்து தந்து, நாய் மருந்து சிலது பூனையைக் கொன்றுவிடும் என்று ஏட்டையாவைப் பார்த்து அழுத்திச் சொன்னார். ஏட்டையா அரை மீசையோடு தெருக்குழாயடியில் உட்கார்ந்து கொதிநீரில் கம்பளியைத் துவைத்தார். எதிர்வாசலில் ஜமீன் தன் முழு மீசையையும் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.