உடையாத கரைக்கு எத்தனை மதிப்பெண்?

மருதங்குறிச்சியை வெற்றிவேழர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது புது யோசனை ஒன்று சொல்லிவிட்டால், மறுநாளே அதைச் செய்து பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய தலைமைக் காரியக்காரர் அம்பலவாணர் ஒருநாள் சொன்னார்: "மகாராஜா, அரண்மனையில் முந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். யார் உழைக்கிறார், யார் உட்கார்ந்து தின்கிறார் என்று நமக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் மதிப்பெண் போடுவோம். வந்த கோளாறைச் சரிசெய்தால், கோளாறுக்கு ஒரு மதிப்பெண்."

"ஆகா! இன்றைக்கே ஆரம்பியும்!" என்றார் ராஜா.

ஆரம்பித்தார்கள். தூங்கிப்போய் இரண்டு திருடர்களை உள்ளே விட்டு, பிறகு துரத்திப் பிடித்த காவல்காரனுக்கு இரண்டு மதிப்பெண், ஒரு சால்வை. மூன்று முறை சோற்றைக் கருகவிட்டு மூன்று முறையும் மறுபடி வடித்தவன் தலைமைச் சமையல்காரன் ஆகிவிட்டான். ஒருநாளும் கருகவிடாத பழைய தலைமைச் சமையல்காரர் அவனுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்தார். பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே நின்றவளை யார் கண்டுகொள்கிறார்கள்? பொங்கவிட்டுத் துடைத்தவள்தானே பாடுபட்டவள்!

அடுத்து ஏரிக்கரைக்குப் போனார் அம்பலவாணர். கரைக்காவல் மாடக்கண்ணு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விடியுமுன்பே கரை முழுக்க நடந்து, எலி வளை, நண்டு வளை எல்லாவற்றிலும் களிமண்ணைத் திணித்துக் குதிகாலால் மிதித்துவிட்டு, அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். அது காரியக்காரருக்குத் தெரியாது. மத்தியானம் பல்லக்கில் வருகிறவருக்கு விடியற்காலை எப்படித் தெரியும்?

"எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்?"

"இருபத்திரண்டு வருசம்யா."

"எத்தனை உடைப்பை அடைத்தீர்?"

"ஒண்ணும் உடையலய்யா."

"அப்படியானால் பூஜ்யம். பத்து நாளைக்குள் ஏதாவது வேலை செய்து காட்டும். இல்லாவிட்டால் வேறு இடம் பாரும்."

ஐம்பத்தோரு வயதில் வேறு இடம் எங்கே பார்ப்பது? வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண், படுக்கையில் ஒரு தாயார். மாடக்கண்ணு பக்கத்து ஜமீனுக்குப் போய் வேலை கேட்டார்.

"உடைப்பு அடைத்த அனுபவம் உண்டா?" என்றார் ஜமீன் கணக்குப்பிள்ளை.

"உடையவிட்டதே இல்லய்யா."

"அனுபவம் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?"

கோயில் குளத்திலும் இதே கேள்வி, இதே பதில். ஒன்பதாம் நாள், ராஜாவின் சபையில் விகடராக இருந்த ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து கண் கலங்கினார் மாடக்கண்ணு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஆவுடையப்பன், "நாளைக்கு மண்வெட்டியோடு சபைக்கு வாரும். மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்" என்றார்.

மறுநாள் சபை கூடியது.

"மகாராஜா, மாடக்கண்ணு வேலையைக் காட்டத் தயார்" என்றார் ஆவுடையப்பன். "ஒரே ஒரு உத்தரவு வேண்டும். கரையை எந்த இடத்தில் உடைக்கட்டும்?"

"உடைப்பதா!" ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார்.

"உடையாமல் எப்படி அடைப்பது? ஐப்பசி மழையில் ஏரி தளும்பி நிற்கிறது. இப்போது வெட்டிவிட்டால் சாயங்காலத்துக்குள் அடைத்துவிடலாம். வடக்கே வெட்டினால் ஆயிரம் கோட்டை நெல் விளைகிற வயல் போகும். தெற்கே வெட்டினால் காரியக்காரர் வீடு போகும். எதற்கு மதிப்பெண் அதிகம் என்று அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்."

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! வீட்டில் என் மகள் நிறைமாதமாக இருக்கிறாள்!"

"பதறாதீர்கள் அண்ணாச்சி. திருடனை விட்டுப் பிடித்தவருக்குச் சால்வை போர்த்தினீர்கள். தண்ணீரை விட்டுப் பிடிக்கிறவருக்கு ஒன்றும் இல்லையா? மாடக்கண்ணு, தெற்கே போய் வெட்டும்!"

மாடக்கண்ணு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். "என்னால முடியாதுய்யா. இருபத்திரண்டு வருசமா பொத்திப் பொத்தி வச்ச கரை. வேலை போனாப் போவுது. வெட்டுன்னு மட்டும் சொல்லாதீய."

ராஜா எழுந்து வந்து, தம் கையாலேயே மண்வெட்டியை எடுத்து மாடக்கண்ணுவிடம் கொடுத்தார்.

"கரைக்குப் போம், மாடக்கண்ணு. உம் உடம்பில் தெம்பு இருக்கிறவரை அது உம்முடைய கரை. உமக்குத் துணையாக இரண்டு ஆளும் தருகிறேன். பழைய சமையல்காரரை மறுபடி கரண்டி பிடிக்கச் சொல்லுங்கள்."

அம்பலவாணருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மதிப்பெண் ஏட்டைப் புரட்டினார்.

"மகாராஜா, இவ்வளவு பேசுகிற இந்த ஆவுடையப்பனுக்கு என்ன மதிப்பெண் தெரியுமா? இதோ, பூஜ்யம்! சபைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு கோளாறைக்கூடச் சரிசெய்ததில்லை!"

ராஜா புருவத்தை உயர்த்தினார். "என்ன ஆவுடையப்பா, அப்படியா?"

"அண்ணாச்சி சொல்வது நிஜம்தான், மகாராஜா. ஆறு வருஷமாகத் தங்களிடம் ஒரு கோளாறும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதம் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். ஒன்று வந்துவிட்டது. இப்போதுதான் சரியாயிற்று. அண்ணாச்சி, மறந்துவிடாமல் ஒரு மதிப்பெண் எழுதிக்கொள்ளுங்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார்.