மாரி சாப்பாட்டை நிறுத்திய நாள்

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு விளையாட்டு மையம் நடத்துகிறவள் செண்பகா. வயது இருபத்தாறு. அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் தில்லைநாயகம், வயது அறுபத்தொன்று, குடிநீர்க் குழாய் போடும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் கேலியாகத்தான் அப்படிச் சொன்னார். கேலி எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

அவர் கற்க வந்தது 'மலைக்குடி' என்ற விளையாட்டை. மலையைக் குடைந்து குள்ளர்களைக் குடியேற்ற வேண்டும். வயல், கிணறு, பட்டறை, படுக்கை எல்லாம் நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும். எந்தக் குள்ளர் மேல் அழுத்தினாலும் அவர் மனசு எழுத்தில் வரும். 'மழையில் நனைந்தான், எரிச்சல்.' 'நல்ல கஞ்சி குடித்தான், திருப்தி.' மொத்தம் எண்பத்து மூன்று பேர். தில்லைநாயகம் தினமும் வந்ததும் எண்பத்து மூன்று மனசையும் படித்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார்.

அன்று காலை வந்தவர் உட்காரவே இல்லை.

"குருவே, மாரி செத்துருவா போலிருக்கு."

மாரி கல் கொத்துகிற குள்ளச்சி. பெயர் அவர் வைத்ததுதான். போன வாரம் ஆற்றிலிருந்து நிலத்தடித் தொட்டிக்கு வாய்க்கால் வெட்டினார். மதகு மாட்டுவதற்கு முன்னால் கடைசிப் பாறையை உடைக்கச் சொல்லிவிட்டார். முப்பத்து நாலு வருஷம் தண்ணீரோடு மல்லுக்கட்டிய மனுஷன் செய்கிற தப்பா அது? செய்துவிட்டார். உள்ளே பாய்ந்த வெள்ளத்தில் மாரியின் புருஷன் போய்விட்டான்.

"அவளுக்கு என்ன செஞ்சீங்க சார்?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. தங்கத்துல ரூம் கட்டினேன். வாசல்ல சிலை வச்சேன். சும்மா இருந்தா அதையே நெனைப்பாளேன்னு வேலையும் கூடுதலா குடுத்தேன். ஒண்ணுக்கும் மசிய மாட்டேங்கா. நேத்து சாப்பாட்டையும் நிறுத்திட்டா."

செண்பகா மாரியின் மேல் அழுத்திப் படித்தாள். துக்கம். துக்கம். தங்க அறை, கவனிக்கவில்லை. துக்கம்.

"வெள்ளத்துக்கு முந்தி ஆட்டத்தைச் சேமிச்சு வச்ச சேவ் இருக்கு. அங்க போயிருவோமா குருவே?"

"போகலாம். வெள்ளத்துக்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்க இருக்காதுங்க."

அஞ்சு பிள்ளைகள். அஞ்சுக்கும் அவர்தான் பெயர் வைத்திருந்தார்.

"வேண்டாம்," என்றார்.

செண்பகா மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள். வேலைப் பட்டியலைத் திறந்து, அடுப்படியை மட்டும் விட்டுவிட்டு, சுரங்கம், பட்டறை, சுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள். தில்லைநாயகம் பதறிப்போனார்.

"குளிர்காலம் வருது குருவே! தானியக் கிடங்கு பாதியில நிக்கு!"

"நிக்கட்டும் சார். உக்காருங்க."

கையில் வேலை இல்லாத குள்ளர்கள் கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பெரிய கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாரியும் வந்து ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் யாரும் போகவில்லை.

கடைசியில் ஒருத்தன் போனான். தில்லைநாயகம் அவனுக்குச் சொங்கன் என்று பெயர் வைத்திருந்தார். எந்தத் தொழிலும் வராது. கல்லைத் தூக்கச் சொன்னால் பாதி வழியில் போட்டுவிட்டுத் தூங்குவான். அவன் மாரியின் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவர் தலைக்கு மேலும் பேச்சுக்குறி தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றியது.

டீ வந்தது. குருவும் சீடரும் திரையைப் பார்த்தபடியே குடித்தார்கள். விளையாட்டுக்குள் மூன்று நாள் கழிந்தது. கிடங்கு அப்படியே நின்றது. சொங்கன் எழுந்திருக்கவே இல்லை.

மாரி எழுந்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணம் கஞ்சி எடுத்துக்கொண்டு அதே பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள்.

தில்லைநாயகம் அவள் மேல் அழுத்தினார். 'சொங்கனோடு இருந்தாள். துக்கம். பசி.'

"துக்கம் இன்னும் போகலியே?"

"போகாது சார்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விரற்கடை உயரக் குள்ளச்சி கஞ்சி குடித்ததற்கு ஒரு மனுஷன் அழுவானா என்று வெட்கமாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அவன் என்ன பேசினான் குருவே? அதைக் காட்டுங்க."

"அது வராது சார். பேசினாங்கன்னு மட்டும்தான் வரும்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, அங்கே அதுவரை சொல்லாத ஒரு பெயரைச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி பேரு உலகம்மா. அவ அக்கா தென்காசியில இருந்தாங்க. தெனமும் சாயங்காலம் போன்ல ரெண்டு பேரும் பேசித் தீராது. அக்காவுக்கு முடியலைன்னு சேதி வந்தப்ப உடனே போகணும்னா. வீட்டுல தண்ணித்தொட்டி வேலை நடந்துக்கிட்டிருந்தது. முடியட்டும், அடுத்த வாரம் போவோம்னேன்."

செண்பகா தன் கிளாஸையும் கீழே வைத்தாள்.

"அடுத்த வாரம் எழவுக்குத்தான் போனோம். அஞ்சு மாசம் ஆச்சு. புது கிரைண்டர் வாங்கிக் குடுத்தேன். அடுப்படிக்கு டைல்ஸ் மாத்தினேன். காசிக்கு டிக்கெட்கூடப் போட்டேன். எல்லாத்துக்கும் 'நல்லாருக்கு'ங்கா. அவ்வளவுதான். அந்த வீட்டுல இருக்க முடியாமத்தான் நான் இங்க வர ஆரம்பிச்சதே."

"இப்ப அவங்க என்ன செஞ்சுக்கிட்டிருப்பாங்க சார்?"

எண்பத்து மூன்று பேரில் யார் மழையில் நனைந்தார்கள் என்று சொல்லக்கூடியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெரியலியே," என்றார்.

"கிளம்புங்க சார்."

எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் செருப்பில் கால் நுழைக்காமல் நின்றார். எத்தனையோ ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் இப்போது வீட்டுக்குப் போகப் பயந்தார்.

"போய் என்ன பேசுவேன் குருவே? எங்க ஆரம்பிக்கிறது? எனக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாதே."

செண்பகா திரையை அவர் பக்கம் திருப்பினாள். சொங்கன் இன்னும் மாரியின் பக்கத்தில்தான் இருந்தான்.

"அவனுக்கு மட்டும் என்ன சார் தெரியும்?"